டீசல் கார் இழுக்கவில்லையா? எதையும் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

டீசல் காரில் பிக்கப் குறைந்துவிட்டது என்று பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி), அடுத்தது இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் ஊசி). இரண்டுமே பர்ஸைக் காலி செய்கிற சாமான்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் வண்டி பழையபடியே தவழ்வதுண்டு. கோளாறு ஒரு கிழிந்த ரப்பர் ஹோஸிலோ அடைத்துப்போன ஃபில்டரிலோ உட்கார்ந்திருக்கும். டீசல் இன்ஜினைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கூட, செலவில்லாத சோதனையில் தொடங்கி வரிசையாகப் போனால், கோளாறு காற்றிலா டீசலிலா என்பது வரையாவது தானே கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவு தெரிந்தாலே பட்டறையில் பேச்சு மாறிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு நம் சாலைகளில் நிறைய ஓடும் ஓர் இன்ஜினை வைத்துக்கொள்வோம்: ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட், 1248 சிசி. 2007 முதல் மாருதி ஸ்விஃப்ட்டிலும், பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ் ஆகியவற்றிலும் வந்தது. டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் இருப்பதும் இதே குடும்பம்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கைமாறும் மாருதி 1.3 எதுவும் புதிது அல்ல. பல வண்டிகள் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தவை. வேறு டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் சோதனை முறை இதேதான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் புகாரைப் பிரியுங்கள்

"வண்டி எழும்ப மாட்டேங்குது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். மிதித்ததும் ஒன்றும் நடக்காமல், சற்றுப் பொறுத்துத் திடீரென்று இழுப்பது ஒன்று. எந்த வேகத்திலும் எந்த கியரிலும் சோம்பலாகவே இருப்பது இன்னொன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி சட்டென்று சக்தி இழந்து, 3000 ஆர்பிஎம் பக்கம் போனதும் அதற்கு மேல் ஏற மறுப்பது மூன்றாவது. ஓரம் கட்டி நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது சரியாகிவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி ஏதோ ஒரு தவறான அளவைப் பார்த்துவிட்டு இன்ஜினைக் காப்பாற்ற சக்தியைக் குறைத்திருக்கிறது என்று பொருள். நான்காவது, ஆர்பிஎம் முள் துள்ளி ஏறும், ஆனால் வேகம் ஏறாது. அது கிளட்ச். அதற்காக இன்ஜினைத் திறக்கத் தேவையில்லை.

முதல் வகையில் ஒரு எச்சரிக்கை. 75 குதிரைத்திறன் கொண்ட 1.3 இன்ஜின் தன் முழு முறுக்குவிசையான 190 நியூட்டன் மீட்டரைத் தருவதே 2000 ஆர்பிஎம்மில்தான். அதற்குக் கீழே டர்போவைச் சுழற்றப் போதுமான புகைவேகம் இருக்காது. வேகத்தடை தாண்டி, மூன்றாம் கியரில் 1300 ஆர்பிஎம்மில், ஏசி ஓட ஐந்து பேருடன் மிதித்தால் இந்த வண்டி புதிதாக இருந்தபோதும் முனகத்தான் செய்தது. பெட்ரோல் காரிலிருந்து மாறி வருகிறவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம் கியருக்கு இறக்கி 2000-க்கு மேல் வைத்து மிதித்துப் பாருங்கள். அங்கே வண்டி பாய்ந்தால் அதன் இயல்பைத்தான் புகாராகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயும் பாயாவிட்டால் மேலே படியுங்கள்.

பானெட்டைத் திறக்கும் முன்

ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பை இழுத்துப் பாருங்கள். அது மேலேறி ஆக்சிலரேட்டர் மிதிக்கு அடியில் மடிந்து கிடந்தால் மிதி முழுவதும் இறங்காது. அற்பமான காரணம்தான், ஆனால் தடித்த ரப்பர் மேட் போட்ட வண்டிகளில் இது நடக்கும்.

பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டயர் காற்றையும் சரிபாருங்கள். கிளட்சுக்கு, வண்டி இல்லாத நேரான சாலையில் நாலாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முழுக்க மிதியுங்கள். வேகத்தை விட்டுவிட்டு ஆர்பிஎம் மட்டும் தனியே ஏறினால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது.

புகை சொல்வதைக் கேளுங்கள்

டீசல் இன்ஜின் நோயை மறைக்கத் தெரியாதது. சைலன்சர் வழியாகச் சொல்லிவிடும். இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், பின்னால் இன்னொரு வண்டியில் வருகிற ஒரு நண்பர் போதும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றாம் கியரில் ஏற்றத்திலோ மேம்பாலத்திலோ முழுக்க மிதியுங்கள். அவர் உங்கள் சைலன்சரைப் பார்க்கட்டும், முடிந்தால் கூட இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். நின்ற இடத்தில் நியூட்ரலில் ரெய்ஸ் செய்து பார்ப்பது போதாது. சுமை இல்லாதபோது டர்போ அழுத்தம் அதிகம் எழாது. கிழிசல் உள்ள ஹோஸ்கூட நல்ல பிள்ளையாக நடிக்கும்.

இழுவை இல்லை, கரும்புகை கொட்டுகிறது என்றால் டீசல் போதுமான அளவு உள்ளே போகிறது. அதை எரிக்கக் காற்று இல்லை. காற்று வழியைத் தேட வேண்டும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் குறைவாக வருகிறது, அல்லது கணினி வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கிறது. இந்த ஒரு பிரிப்பு உங்கள் வேலையில் பாதியை முடித்துவிடும். கரும்புகை விடும் வண்டிக்கு டீசல் ஃபில்டர் மாற்றுவதும், புகையே இல்லாத வண்டிக்கு டர்போ கழற்றுவதும் பெரும்பாலும் வீண் வேலை.

விதிவிலக்கு உண்டு. காற்று குறைந்திருப்பதை உணர்ந்த கணினி டீசலையும் சேர்த்துக் குறைத்துவிட்டால், காற்றுக் கோளாறிலும் புகை வராது. மாறாக, ஒழுகும் இன்ஜெக்டர் கூடுதல் டீசலைக் கொட்டினால் காற்று சரியாக இருந்தும் கரும்புகை வரும். எனவே புகை ஒரு திசைகாட்டிதான், தீர்ப்பை எண்களிடம்தான் கேட்க வேண்டும்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போவின் சீல் அல்லது பிஸ்டன் ரிங். சூடான பிறகும் கண்ணெரியும் டீசல் நெடியோடு வெண்புகை வந்தால் இன்ஜெக்டரிலோ கம்ப்ரஷனிலோ (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) கோளாறு. இனிப்பான வாடையோடு வெண்புகை வந்து கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் வண்டியை ஓட்டாதீர்கள், நேரே பட்டறைக்குத்தான்.

ஸ்கேனர் வாங்குங்கள்

டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் பக்கத்தில் காரின் கணினியோடு பேச உதவும், 16 ஊசி கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் கருவியை ஆன்லைனில் ஈஎல்எம்327 என்ற பெயரில் விற்கிறார்கள். மலிவானதுதான். கைபேசியில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலியைப் போட்டு இணைத்துக்கொள்ளலாம். மிகப் பழைய மாடல்கள் சிலவற்றில் எல்லா அளவுகளும் வராது. அப்போது பட்டறை ஸ்கேனரைக் கேட்க வேண்டியதுதான். இருந்தாலும் டீசல் கார் வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான் என்பேன், ஸ்பானர் செட்டுக்கும் முன்னால்.

முதலில் பதிவாகியிருக்கும் கோடுகளை, அதாவது கணினி குறித்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளை (எரர் கோட்), படித்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே அழிக்காதீர்கள். செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் நிலுவைக் கோடுகள் (இன்னும் உறுதியாகாதவை) இருக்கலாம். பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. பி0087 என்றால் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாய்) அழுத்தம் குறைவு. பி0101 காற்றளவு சென்சாரைச் சேர்ந்தது. பி0401, பி0402 இரண்டும் ஈஜிஆர் (எரிந்த புகையைத் திரும்ப உள்ளே விடும் வால்வு) ஓட்டம். பி2138 ஆக்சிலரேட்டர் மிதியில் உள்ள இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன என்பது. கோடு சொல்வது அறிகுறியை மட்டுமே. பி0299 வந்துவிட்டது, ஆகவே டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் அதே கோடுதான் வரும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று நுழையும் வழி) அழுத்தத்தைப் பாருங்கள். அந்த சென்சார் காட்டுவது சுற்றுக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அளவு. சென்னையில் நின்றால் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77, 78 என்று காட்டும். கடற்கரையூரில் நின்றுகொண்டு 80 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. அதே நிலையில் ஆக்சிலரேட்டரை மெதுவாக முழுதும் மிதியுங்கள். மிதியின் சதவீதம் தடையில்லாமல் சீராக ஏற வேண்டும். சில கார்களில் முழு மிதிக்கு 100 வராது, 80 பக்கமே நிற்கும், அது பரவாயில்லை. நடுவில் சட்டென்று விழுந்து எழுந்தால் மிதியின் சென்சார் தேய்ந்திருக்கிறது. மிதித்தும் ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஓட்டச் சோதனை. எண்களை நீங்கள் பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது. செயலியில் பதிவு செய்யும் வசதியைத் திறந்துவிடுங்கள், அல்லது பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். வெறிச்சோடிய சமமான சாலையில் மூன்றாம் கியர், 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி, 3000 தாண்டியதும் விட்டுவிடலாம். இரண்டு அளவுகள்தான் முக்கியம்: இன்டேக் அழுத்தம், ரெயில் அழுத்தம். நலமாக இருக்கும் 1.3 இன்ஜினில் இன்டேக் அழுத்தம் 2000 ஆர்பிஎம் தாண்டும்போது 200 கிலோபாஸ்கலை ஒட்டி ஏறிவிடும். 130, 140-இல் சோர்ந்து நின்றால் காற்றுக் கோளாறு. ரெயில் அழுத்தம் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) சுமார் 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழு மிதியில் 1000 பாரைத் தாண்டி ஏறும், இந்த அமைப்பின் உச்சம் 1600 பார். மிதித்தபடி இருக்கும்போதே அது ஏறாமல் சரிந்தால் டீசல் கோளாறு. சில செயலிகள் இதைக் கிலோபாஸ்கலில் காட்டும். 100 கிலோபாஸ்கல் ஒரு பார், ஆகவே 30,000 என்று இருந்தால் 300 பார்.

காற்று வழி

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கல்குவாரி, செங்கல் சூளைப் பக்கம் ஓடும் வண்டியில் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அது அடைத்துவிடும். ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இது அபூர்வமில்லை.

அடுத்தது ஹோஸ்கள். எனக்குத் தெரிந்து இங்கேதான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள். டர்போவிலிருந்து, சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்டேக்குக்கும் தடித்த ரப்பர் குழாய்கள் போகின்றன. உள்ளே கொஞ்சம் ஆயில் ஆவி எப்போதும் ஓடும். எங்காவது கசிவு இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் தெரியும். எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். புதிதாகப் பிசுபிசுக்கும் இடம்தான் குற்றவாளி. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸை அமுக்கி, வளைத்து, அடிப்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். விரிசல் சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு இருக்கும், அழுத்தம் வந்தால் மட்டும் வாய் திறக்கும். மிதிக்கும்போது முன்பு இல்லாத "உஸ்ஸ்" என்ற சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். கிளாம்ப்களைத் திருகி இறுக்குவதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கண்ணுக்குச் சிக்காத கசிவுக்கு, பட்டறையில் குழாயின் ஒரு முனையை அடைத்துவிட்டு அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்பு நீர் தெளித்துப் பார்ப்பார்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும் அதே முறை.

ஹோஸ் சரி என்றால் ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இந்த வால்வு, கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நல்ல காற்றுக்குரிய இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கரும்புகையும் கீழ் ஆர்பிஎம் மந்தமும் சேர்ந்து வரும். இதற்கு ஒரு கணக்கு உதவும். 850 ஆர்பிஎம் ஐடிலில் 1248 சிசி இன்ஜின் நொடிக்குச் சுமார் 9 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும், எடையில் ஏறக்குறைய 10 கிராம். நிரம்பும்போது ஏற்படும் இழப்பு போக 8, 9 என்று வைத்துக்கொள்ளலாம். ஈஜிஆர் திறந்திருந்தால் ஸ்கேனரில் காற்றளவு அதைவிட நன்றாகக் குறையும், மூடும்போது ஏறும். எந்த நிலையிலும் ஏறவே இல்லை என்றால் வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது காற்றளவு சென்சார் அழுக்கேறியிருக்கலாம். சென்சார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்து இழுவை கூடினால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும். அப்போது ஒரு கோடு பதிவாகும், பிறகு அழித்துக்கொள்ளலாம். சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும். கார்புரேட்டர் கிளீனரை அடிக்காதீர்கள்.

ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அதை மூச்சில் இழுப்பது உங்கள் பின்னால் பைக்கில் வருகிறவர். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

எர்டிகா, சியாஸ் போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் இன்ஜினில் டர்போவின் உள்ளே அசையும் இதழ்கள் உண்டு. அவற்றை வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் விசையால்) இயங்கும் ஒரு கம்பி இழுக்கிறது. ஒருவர் ஸ்டார்ட் செய்து அணைக்க, இன்னொருவர் அந்தக் கம்பியைப் பார்க்கட்டும்; ஸ்டார்ட் ஆனதும் இழுபட்டு, அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையாவிட்டால் டர்போவைக் குறை சொல்லும் முன் அதற்கு வரும் மெல்லிய வேக்குவம் குழாய்களில் விரிசல் பாருங்கள். 75 குதிரைத்திறன் இன்ஜினில் ஐடிலில் கம்பி அசையாது, அதுதான் இயல்பு.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே டர்போவின் முறை. இன்ஜின் அணைந்து ஆறிய பிறகு, காற்று உள்ளே போகும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறிச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, இதழ் நுனி சுவரில் உரசியிருக்கக் கூடாது. உரசல் தழும்பு இருந்தால் டர்போ உண்மையாகவே போய்விட்டது. அதை மாற்றும்போது, ஆயில் கொண்டுவரும் குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்காமலும், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடிக்காமலும் விட்டால் புது டர்போவும் நிலைக்காது. அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்ச ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு.

டீசல் வழி

டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், ஒரிஜினல் மட்டும். அடியில் உள்ள வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சற்று நேரத்தில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், டேங்குக்குள்ளும் தண்ணீர் இருக்கக்கூடும். மழைக்காலத்தில் பங்க்கில் டீசல் போட்ட உடனே தொடங்கிய கோளாறா என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லி பங்க்கில் கேட்கலாம், அது வாடிக்கையாளர் உரிமை. ஃபில்டர் மாற்றிய பிறகு வண்டி இன்னும் மோசமானால் குழாயில் காற்று நுழைந்திருக்கிறது. சரியாகப் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இதற்கு அப்பால் உங்கள் கை வேண்டாம். 1600 பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தும் பழைய காலப் பழக்கம் காமன் ரெயிலில் கூடவே கூடாது. அப்படிக் காயம் பட்டால் மணிக்கணக்கு பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் பாய்ந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியது ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வழியும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடிப்பார்கள். மூன்றில் ஒரே அளவும் ஒன்றில் மட்டும் பல மடங்கும் இருந்தால் அந்த ஒன்றுதான் அழுத்தத்தைத் தின்கிறது. நான்கையும் மாற்றச் சொன்னால் பாட்டில்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "அண்ணே, ஃபுல் மிதியில ரெயில் பிரஷர் எவ்ளோ கேக்குது, எவ்ளோ வருது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பட்டறை ஸ்கேனர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்து உங்களைத் திரையருகே கூப்பிடுவார். நேர்ப்பதில் சொல்லாமல் கார்பன் கிளீனிங் பாக்கேஜ் பற்றிப் பேசுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பிஎஸ்-6 கார் என்றால்

வென்யூ, செல்டோஸ், நெக்ஸான் போன்ற 2020-க்குப் பிந்தைய டீசல்களில் மேற்சொன்னவற்றோடு, புகைக் குழாயில் உள்ள கரி வடிகட்டியும் (டிபிஎஃப்) சேர்ந்துகொள்கிறது. வடிகட்டியில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் அலுவலகம், நாலு கிலோமீட்டர் வீடு என்று ஓடும் வண்டிக்கு அது கிடைப்பதே இல்லை. அடைத்ததும் விளக்கு எரியும், சக்தி குறையும். விளக்கு எரிந்த ஆரம்பத்திலேயே கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் இடைவிடாமல் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்து சுத்தமாகிவிடும், பாதியில் அணைக்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் அழுத்த வேறுபாட்டு சென்சாருக்குப் போகும் சிறு குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலும் இந்த வண்டிகளுக்கென்று குறிப்பிட்ட ரகம்தான் ஊற்ற வேண்டும், மற்றது வடிகட்டியில் சாம்பலாகச் சேரும். தினசரி ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் டீசல் கார் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

சரி செய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கோடுகளை அழித்துவிட்டு, அதே சாலை, அதே மூன்றாம் கியர், அதே சுமையோடு சோதனையைத் திரும்ப ஓட்டிப் பதிவு செய்யுங்கள். "இப்ப கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்பது கணக்கில் வராது. 140-இல் நின்ற இன்டேக் அழுத்தம் 200-ஐத் தொட்டதா, சரிந்த ரெயில் அழுத்தம் நிமிர்ந்ததா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் நிலுவைக் கோடுகளை மறுபடி படியுங்கள். அதே கோடு திரும்ப வந்தால் பழைய பதிவு, புதிய பதிவு இரண்டையும் கைபேசியில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். மெக்கானிக் உங்கள் வண்டியை முதல்முறை பார்ப்பவராக இருந்தாலும், எதையெல்லாம் சோதித்தாகிவிட்டது என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.